கோழி வலையில் சிக்கிய பாடம்

பல்லடம் வட்டாரத்தில் விசைத்தறிக் கூடங்களுக்கு அடுத்தபடியாக எங்கும் காணக் கிடைப்பவை கோழிப் பண்ணைகள். அவற்றைச் சுற்றி அடித்திருக்கும் கம்பி வலையை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். அதே வகை வலையைக் கொண்டுதான் 1975-இல் இந்தியச் சிற்றூர்ப் பள்ளிகள் விண்ணிலிருந்து பாடம் கேட்டன என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

விண்ணில் ஓர் ஆசிரியர்

நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக் கோள், பூமியின் சுழற்சியோடு ஒத்துச் செல்வதால் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும். அத்தகைய மூன்று கோள்களால் உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945-இல் எழுதியவர், பின்னாளில் இலங்கையில் குடியேறிய ஆர்தர் சி. கிளார்க். இக்கருத்தை நம் சிற்றூர்களுக்குப் பயன்படுத்த விழைந்தவர் விக்ரம் சாராபாய். 1969-இல் இந்திய அணுசக்தித் துறைக்கும் அமெரிக்க நாசாவுக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன் பயனைக் காணுமுன்பே, 1971-இல் சாராபாய் மறைந்தார்.

1975 ஆகஸ்டு 1 அன்று சோதனை தொடங்கியது. ஏ.டி.எஸ்.-6 என்ற அமெரிக்கக் கோள், ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்கு நிகழ்ச்சிகளை இறக்கித் தந்தது. காலையில் பள்ளிச் சிறுவர்களுக்குப் பாடம். மாலையில் பெரியவர்களுக்கு உழவும் உடல்நலமும். ஏறத்தாழ 50,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இதன் வழியே அறிவியல் கற்பிக்கப் பயிற்சி பெற்றனர்.

வலை ஏன் போதுமானது?

ஊர்களில் நிறுவிய ஏற்பிகள் ஏறத்தாழ 3 மீட்டர் விட்டமுள்ள கிண்ணங்கள். கோழி வலையால் ஆனவை. ஒளிபரப்பின் அதிர்வெண் 860 மெகாஹெர்ட்ஸ். ஒளியின் வேகத்தை இதனால் வகுத்தால் அலைநீளம் சுமார் 35 செ.மீ. என்று கிடைக்கும். வலையின் கண்களோ இதைவிட மிகச் சிறியவை. ஆகவே அந்த அலைக்கு வலையும் உலோகத் தகடும் ஒன்றுதான், பட்டுத் திரும்பிவிடும். காற்றோ தடையின்றி ஊடே சென்றுவிடும். விலையும் குறைவு, எடையும் குறைவு.

1976 ஜூலை 31-இல் சோதனை முடிந்தது. அதில் ஒரு குறை இருந்தது. பாடம் வகுப்புக்கு வந்தது. வகுப்பிலிருந்து ஒரு கேள்விகூட மேலே போக முடியவில்லை. ஆனால் அந்தக் குறையே ஒரு காவலாகவும் இருந்தது. அயலார் எவரும் வகுப்புக்குள் நுழைய வழியில்லை. அது சாளரம், வாயில் அன்று.

சாளரம் வாயிலாயிற்று

2004 செப்டம்பர் 20-இல் கல்விக்கென்றே இந்தியா ஏவிய எடுசாட் கோள், மாணவர் கேள்வி கேட்கவும் வழி செய்தது. அதன் பின் இணையம் ஒவ்வொரு கைப்பேசியிலும் அந்த வாயிலைத் திறந்துவிட்டது.

2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் நான் கைப்பேசி வழியே இயற்பியல் நடத்தினேன். வகுப்பின் இணைப்பு எப்படியோ வெளியே பரவிவிட, ஒருநாள் முகம் தெரியாத ஒருவன் நுழைந்து தகாத சொற்களைப் பேசினான். அவனை வெளியேற்றச் சில நொடிகளே ஆயின. ஆனால் மறுநாள் ஒரு மாணவி வரவில்லை. வீட்டார் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டனர். தவறு செய்தவன் எவனோ. வகுப்பை இழந்தவள் அவள்.

பிறகு இணைப்பை நாள்தோறும் மாற்றினேன். வருவோரை வெளியே காத்திருக்கச் செய்து, பெயர்ப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவராக உள்ளே விட்டேன். இந்த ஏற்பாட்டை அவள் பெற்றோருக்கு விளக்கிய பின்னரே கைப்பேசி அவள் கைக்குத் திரும்பியது.

மாணவர்களே, இணையத்தில் எவரேனும் தொல்லை தந்தால் அதை மறைக்காதீர்கள். ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ சொல்லுங்கள். சிறுவர்களுக்கு 1098 என்ற உதவி எண்ணும் உண்டு. பெற்றோர்களே, சொல்ல வந்த பிள்ளையின் கைப்பேசியைப் பறிக்காதீர்கள். பறித்தால் அடுத்த முறை அது சொல்லாது.

வாயிலை அடைத்துவிடுவது காவல் ஆகாது. காற்றை விட்டு, வேண்டிய அலையை மட்டும் பிடித்த அந்தக் கோழி வலையைப்போல, எதை விடுவது, எதைத் தடுப்பது என்று அறிந்து அமைப்பதே காவல்.