காப்பகமும் பாலர் பள்ளியும்: ஒரு சரித்திர ஆராய்ச்சி

தாய்தந்தையரை இழந்த குழந்தைகளுக்கு உணவும் உறையுளும் அளிக்கும் பொருட்டுத் தோன்றிய தரும ஸ்தாபனங்கள், காலப்போக்கில், மூன்று வயதுக் குழந்தைகள் காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் பாலர் பள்ளிகளாகவும் வளர்ந்தமை, நம் நாட்டுச் சமூக சரித்திரத்தில் போதிய அளவு ஆராயப்படாத ஒரு பகுதியாகும். தொடக்கப் பள்ளியின் கீழ்ப்படியாகவே பாலர் பள்ளி பிறந்தது என்று இன்று பலரும் கருதுகின்றனர். சான்றுகளை நோக்கினால், ஏழைக் குழந்தையின் உயிரையும் உடலையும் காக்க எழுந்த பிரயத்தனத்திலிருந்தே அது பிறந்தது என்பது விளங்கும். அப்பிறப்பை மறந்ததன் விளைவைப் பெரம்பலூர், அரியலூர் ஆகிய வானம் பார்த்த பூமியின் உழைப்பாளி மக்கள் இன்றளவும் அனுபவித்து வருகின்றனர் என்பது எமது துணிபு.

ஸ்காத்லாந்தின் நியூ லானார்க்கில் ராபர்ட் ஓவன் 1816-இல் திறந்த சிசுப் பள்ளி, பஞ்சாலைத் தொழிலாளரின் மக்களுக்கானது. மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-இல் ரோமாபுரியின் சான் லொரென்சோவில் தொடங்கிய குழந்தைகள் இல்லமும், பெற்றோர் வேலைக்குச் சென்றபின் காப்பாரின்றித் திரிந்த ஏழைச் சிறுவர்க்காகவே ஏற்பட்டது. லண்டனின் டெப்ட்ஃபோர்டில் மக்மில்லன் சகோதரிகள் 1914-இல் நிறுவிய திறந்தவெளிப் பாலர் பள்ளிக்கு முன்னோடியாக நின்றது, அவர்களே நடத்திவந்த ஒரு மருத்துவசாலை. குளிப்பாட்டலும், ஊட்டலும், உறங்கவைத்தலும் அங்கே பாடத்தின் முதற் பகுதிகளாக இருந்தன.

தமிழகத்தில் இம்மரபின் ஒரு கிளை தரங்கம்பாடிக்குச் செல்கிறது. 1706-இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், அடுத்த ஆண்டிலேயே தமிழ்ச் சிறாருக்கு உணவும் உடையும் கல்வியும் இலவசமாக அளிக்கும் தருமப் பள்ளியை ஏற்படுத்தினார். உண்டியும் கல்வியும் ஒரே கூரையின்கீழ் வழங்கும் அவ்வழக்கத்தைப் பிற்காலத்து மிஷன் விடுதிகள் பலவும் பின்பற்றின. ஆயினும், நாடு தானே தன் குழந்தைகளுக்குப் பொறுப்பேற்கும் காலம் இருபதாம் நூற்றாண்டிலேதான் வந்தது. 1920-ஆம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டம் அதற்கு அடிகோலியது. தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், நகரத்து விடுதிகள் இடந்தர மறுத்த சில சிறுமியர் தம் வீட்டு வாயிலில் வந்து நின்றபோது அவர்களை உள்ளே அழைத்து, 1930-இல் அவ்வை இல்லத்தைத் தோற்றுவித்தார். அடையாற்றில் நிலைபெற்ற அவ்வில்லம் பின்னர்ப் பள்ளிகளையும் நடத்தலாயிற்று.

நமது பொருளுக்கு மிக நெருங்கிய உதாரணம், காமராஜரின் ஆதரவில், மஞ்சுபாஷிணி அம்மையாரின் உழைப்பால், 1949-இல் சென்னை தியாகராய நகரில் எழுந்த பால மந்திர். கைவிடப்பட்ட சிசுக்களையும் ஆதரவற்ற சிறுவரையும் வளர்க்கும் இல்லமாக அது தொடங்கியது. இத்தகைய இல்லம் ஒன்று ஏன் பள்ளியாகக் கிளைக்க நேர்கிறது என்பதைச் சற்று நின்று ஆராய்தல் வேண்டும். ஐந்து வயது நிரம்பிய பிள்ளையை அருகிலுள்ள பள்ளிக்கு அனுப்பிவிடலாம். இரண்டு, மூன்று வயதினரை ஏற்கும் பள்ளி அக்காலத்தில் அரிது. ஆகவே, அவர்கள் பகற்பொழுதை விளையாட்டிலும் பாட்டிலும் கதையிலும் பயனுறக் கழிப்பதற்கான ஏற்பாட்டை இல்லமே செய்தாக வேண்டும். அதற்குப் பயிற்சி பெற்ற ஆசிரியைகள் வேண்டும். அவர்கள் அமைந்துவிட்டால், சுற்றுப்புறத்துக் கூலிப் பெண்டிர், தம் குழந்தைகளையும் பகலில் அங்கே விட்டுச்செல்ல விரும்புவது இயல்பே. இல்லத்தில் வளரும் பிள்ளைக்கும் வீட்டிலிருந்து வரும் பிள்ளையோடு கூடி விளையாடுவது பெரு நன்மை. பால மந்திர், குழந்தைகள் இல்லத்தோடு பாலர் பள்ளியையும், உயர்நிலைப் பள்ளியையும், ஆசிரியைப் பயிற்சியையும் வளர்த்துக்கொண்ட வரலாறு இந்தத் தர்க்கத்துக்கு இசைந்தே அமைந்துள்ளது.

இதே காலத்தில் மேலைநாட்டு வைத்திய சாஸ்திரமும் காப்பகங்களைக் குறித்து ஒரு கடுமையான கேள்வியை எழுப்பியது. ஜான் பவுல்பி என்னும் அறிஞர் உலக சுகாதார ஸ்தாபனத்துக்காக 1951-இல் எழுதிய அறிக்கை, உணவும் உடையும் குறைவறக் கிடைப்பினும், தன்னிடம் நிலையான அன்பு செலுத்தும் ஒருவர் இல்லாத சிசுவின் மனம் வாடிப்போகும் என்பதை எடுத்துரைத்தது. பிற்காலத்துச் சட்டங்களில் இக்கருத்தின் சாயலைக் காணலாம். 1960-இன் அநாதை இல்லங்கள் மேற்பார்வைச் சட்டம் இல்லங்களை ஒழுங்குபடுத்த முற்பட்டது. 2015-இன் இளைஞர் நீதிச் சட்டமோ, இல்லங்கள் யாவும் பதிவுபெற வேண்டும் என்றும், இல்லத்தில் சேர்ப்பது கடைசி உபாயமாகவே இருத்தல் வேண்டும் என்றும் விதித்தது. வறுமை ஒன்றையே காரணமாகக் கொண்டு பிள்ளையைத் தாயினின்று பிரிப்பது தருமம் ஆகாது என்னும் இந்நெறியை யாம் முழுமனத்தோடு ஏற்கிறோம். ஆனால், பிரிக்காமல் இருந்தால் மட்டும் போதுமா? தாய் வேலைக்குப் போகும் பகற்பொழுதில் அப்பிள்ளையைக் காப்பவர் யார்?

பாலர் கல்வி சென்ற மற்றொரு பாதையையும் இங்கே நோக்க வேண்டும். மாண்டிசோரி அம்மையார் 1939-இல் அடையாற்றுக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். யுத்தத்தின் காரணமாக அவர் பல ஆண்டுகள் இந்நாட்டிலேயே தங்க நேர்ந்தது. ஏழைகளின் குடியிருப்பில் பிறந்த அம்முறை, நம் நகரங்களில் பெரும்பாலும் வசதி படைத்தோரின் மக்களுக்கே உரியதாயிற்று. பின்னர்ச் சிற்றூர்கள்வரை பரவிய நர்சரிப் பள்ளிகள், அம்முறையின் உயிரை விடுத்து, எழுத்தையும் எண்ணையும் ஆங்கிலப் பாடலையும் மட்டுமே எடுத்துக்கொண்டன. கட்டணம் செலுத்த இயலாதவரின் பிள்ளை மீண்டும் வாயிலுக்கு வெளியே நின்றது.

அந்தப் பிள்ளையை உள்ளே அழைக்கும் பணியை அரசு ஏற்க வேண்டியதாயிற்று. மத்திய அரசின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கியது. 1982 ஜூலை 1-ஆம் நாள் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த பாப்பாக்குறிச்சி, அன்று பெரம்பலூரையும் அரியலூரையும் உள்ளடக்கியிருந்த திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்தது என்பது இப்பகுதியாருக்குப் பெருமை தரும் செய்தி. இரண்டு வயது முதலான ஊரகக் குழந்தைகளுக்கும் சோறு அளித்த அத்திட்டத்தால், மக்கள் நாவில் ‘பால்வாடி’ என்று வழங்கும் மையம் சிற்றூர்களில் வேரூன்றியது. அன்னத்தை முன்வைத்து அறிவை அதனோடு சேர்க்கும் பழைய மரபு அங்கே மீண்டும் உயிர்பெற்றது. 2019-இல் தமிழகத்தின் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளும் சேர்க்கப்பட்டன.

பெரம்பலூர் 1995-இல் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் அதனின்று பிரிந்து, மீண்டும் இணைந்து, 2007-இல் இறுதியாகத் தனித்தது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, நூற்றுக்கு ஏறத்தாழ 83 பேர் பெரம்பலூரிலும் 89 பேர் அரியலூரிலும் சிற்றூர்களில் வாழ்வோர். சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி, முந்திரி ஆகியவற்றின் களையெடுப்பும் பறிப்பும் அறுப்பும் பெண்களின் கைகளையே பெரிதும் நம்பியுள்ளன. வெயில் ஏறுமுன் கொல்லைக்குப் புறப்படும் தாய்க்கு, மையம் திறக்கும் வேளை பிந்திவிடுகிறது. கைக்குழந்தையோ அங்கே பகல் முழுதும் தங்க இடமின்றி, வேப்பமரத்துத் தூளியிலோ, பள்ளிக்குப் போக வேண்டிய அக்காளின் இடுப்பிலோ வளர்கிறது. இந்நிலையில் அக்காளின் கல்வியும் சேர்ந்தே கெடுகிறது.

அங்கன்வாடியோடு காப்பகத்தையும் இணைக்கும் ‘பால்னா’ திட்டத்தை மத்திய அரசு 2022-இல் வகுத்துள்ளது. இவ்விரு மாவட்டங்களின் ஆட்சியாளர், களையெடுப்புக்கும் அறுவடைக்கும் உரிய மாதங்களிலேனும் மையங்களை விடியற்காலையில் திறந்து, இரண்டு வயதுக்குட்பட்ட சிசுக்களுக்கும் அங்கே இடமளித்தல் வேண்டும். தங்கிப் படிக்கும் பிள்ளைகள் குறைந்தமையால் அறைகள் வெறுமையாகிவிட்ட தரும இல்லங்களை நடத்துவோர், அவற்றைக் கட்டணப் பள்ளிகளுக்கு வாடகைக்கு விடாது, கூலித் தாய்மாரின் குழந்தைகளுக்குப் பகற்காப்பகமாகத் திறந்துவிடுமாறு வேண்டிக்கொள்கிறோம்.