லோயர் கேம்ப் தண்ணீரும் கோரியாலிஸ் கணக்கும்

குமுளிக்கு மலை ஏறும்போது, லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்திருப்பீங்க. பூமி சுழல்வதால்தான் டர்பைன் இந்தப் பக்கமா சுத்துது, பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணி சுழிக்குதுன்னு பலர் நம்புறாங்க. அது சரியான்னு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

லோயர் கேம்ப் இருப்பது சுமார் 9.6 டிகிரி வடக்கு அட்சரேகையில். அங்கே நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகும் எதையும், பூமியின் சுழற்சி ஒரு நொடியில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் வலப்பக்கம் விலக்கும். குழாய்த் தண்ணீருக்கு இதெல்லாம் தூசு. டர்பைன் எந்தப் பக்கம் சுத்தணும்னு முடிவு செய்வது அதை வடிவமைத்த இன்ஜினியர்தான்.

ஆனா அதே வேகத்தில் காற்று ஒரு மணி நேரம் தடையில்லாமல் வீசினால்? விலகல் சுமார் ஒன்றரை கிலோமீட்டர். நாள்கணக்கில் கடலைக் கடந்து வரும் காற்றுக்கு திசையே மாறிடும்.

இதைப் புரிஞ்சுக்க ரொம்ப காலம் ஆச்சு. 1686-ல் எட்மண்ட் ஹாலி (வால்நட்சத்திர ஹாலியேதான்) வணிகக் காற்றையும் பருவக்காற்றையும் வரைபடமாக்கினார். வெயிலின் சூடுதான் காரணம் என்றார். சூடு காற்றை நகர்த்தும், சரி. அது ஏன் சாய்வா வீசணும்? 1735-ல் பதில் சொன்னவர் ஜார்ஜ் ஹாட்லி என்ற வழக்கறிஞர். நிலநடுக்கோட்டில் தரை கிழக்கு நோக்கி ஓடும் வேகம், லோயர் கேம்ப் தரையைவிட மணிக்கு சுமார் 23 கிலோமீட்டர் அதிகம். வடக்கே வரும் காற்று அந்த வேகத்தையும் சுமந்துக்கிட்டு வருது. அதனால் கிழக்கே சாயுது.

ஹாட்லி சொன்னது பாதிதான். முழுக் கணக்கைத் தந்தது கோரியாலிஸின் 1835-ம் ஆண்டுக் கட்டுரை. வேடிக்கை என்னன்னா, அவர் ஆராய்ந்தது காற்றை இல்லை. தண்ணீர்ச் சக்கரம் போன்ற சுழலும் எந்திரங்களை! 1856-ல் அமெரிக்காவின் வில்லியம் ஃபெரல்தான் சுழற்சியின் விளைவைக் காற்றுக்கும் கடலுக்கும் முழுசாப் பொருத்திப் பார்த்தார்.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். தெற்கு இந்தியப் பெருங்கடலில் தென்கிழக்கிலிருந்து புறப்படும் காற்று, ஆப்பிரிக்கக் கரையோரம் நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் வலப்பக்கம் திரும்பி, தென்மேற்குப் பருவக்காற்றாகக் கேரளக் கரையில் மோதுது. மேற்குத் தொடர்ச்சி மலை அதன் ஈரத்தைப் பிழிஞ்சு பெரியாற்றுப் பக்கம் கொட்டிடும். கம்பம் பள்ளத்தாக்கு மழை மறைவுப் பகுதி, சாரலோடு சரி.

அந்த மழையைத்தான் பென்னிகுயிக் 1895-ல் அணையில் தேக்கி, மலையைக் குடைஞ்சு கிழக்கே திருப்பினார். லோயர் கேம்பில் அதே தண்ணீர் மின்சாரமும் தந்துட்டு, கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் போகுது, மிச்சம் வைகைக்கு.

பூமியின் சுழற்சி அந்தக் குழாய்க்குள் எதையும் மாத்தலை. ஆனா குழாய்க்குள் தண்ணீர் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். காற்று திரும்பாத வருஷம் இல்லை. வலு குறைஞ்ச வருஷங்கள் உண்டு. அப்போ ஜூன் மாச நாற்றங்கால் மடை திறக்கக் காத்துக்கிட்டு நிக்கும்.