மருந்தின் மீது ஒரு கண்



1901ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே, ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரத்து மனநோய் வைத்தியசாலையில் 51 வயதுப் பெண்மணி ஒருவர் சேர்க்கப்பட்டார். தம் பெயரை எழுதத் தொடங்குவார். முடிக்குமுன் அதனை மறந்துவிடுவார். அவரைப் பரிசோதித்தவர் அலோயிஸ் அல்சைமர் என்னும் வைத்தியர். 1906இல் அப்பெண்மணி இறந்த பின்னரே அவரது மூளையை நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய இயன்றது. நரம்புக் கலங்களுக்கிடையே ஒருவகைப் படிவுகளைக் கண்டார் அல்சைமர்.

அப்படிவின் மூலப்பொருளான அமிலோயிட் புரதத்தை 1984இல் கிளென்னர், வொங் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர் பிரித்தெடுத்தனர். எங்கிருந்து? நோயாளரின் மூளையைச் சூழ்ந்த இரத்தக் குழாய்களின் சுவர்களிலிருந்து! அப்புரதம் குழாய்ச் சுவரிலும் ஒட்டியிருந்தது என்னும் இவ்வுண்மையின் கனம் பின்னரே புலனாயிற்று.

படிவை அகற்றினால் நோய் தணியும் என எண்ணிச் செய்யப்பட்ட தடுப்பூசிப் பரிசோதனையொன்று 2002இல் நிறுத்தப்பட்டது. ஊசி பெற்றோருள் ஏறத்தாழ 6 வீதமானோருக்கு மூளையழற்சி உண்டாயிற்று. பின்னர் வந்த பிறபொருளெதிரி மருந்துகள் படிவைக் கரைத்தன. ஆயினும் குழாய்ச் சுவரிலுள்ள புரதமும் பெயரும்போது சுவர் தளர்ந்து, சிலருக்கு நீர் கசிந்தது. சிலருக்குக் குருதி துளித்தது.

இதனைக் கண்டு சொல்வது எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த அதிர்வுப் படம். 1973இல் போல் லோட்டர்பர் அம்முறையால் முதற்படங்களை வெளியிட்டார். 2003இல் அவரும் பீற்றர் மான்ஸ்பீல்டும் நோபல் பரிசு பெற்றனர். நீரிலுள்ள ஐதரசன் அணுக்களின் அதிர்வே இதற்கு அடிப்படையாதலின், கசிந்த நீர் வெண்மையாய்த் தோன்றும். குருதியிலுள்ள இரும்பு காந்தப் புலத்தைக் குலைப்பதால், சிறு குருதிக் கசிவும் கரும்புள்ளியாய்த் தெரியும்.

லெக்கனெமாப் என்னும் மருந்தைப்பற்றி 1,795 பேரிடம் நடந்த பரிசோதனையின் முடிவுகள் 2022இல் வெளிவந்தன. பதினெட்டு மாதங்களில் நோயின் வளர்ச்சி 27 வீதம் தாமதித்தது, நோய் மாறவில்லை. மருந்து பெற்றோருள் 12.6 வீதமானோரின் மூளையில் நீர்க்கசிவு காணப்பட்டது. ஆனால், அதன் அறிகுறியை உணர்ந்தோர் 2.8 வீதத்தினரே! ஏனையோர் யாதும் அறியார்; படமே அறிவித்தது. பெரும்பாலோருக்குக் கசிவு தானே வற்றிவிடும். சிலருக்கோ அது உயிராபத்தாகவும் முடியும்.

ஆகவே, அமெரிக்காவில் 2023இல் முழு அங்கீகாரம் பெற்ற இம்மருந்தை ஏற்றத் தொடங்குமுன்னும், 5ஆம், 7ஆம், 14ஆம் முறை ஏற்றுமுன்னும் படம் எடுக்குமாறு விதித்தனர். 2025இல், மூன்றாம் முறைக்கு முன்னரும் ஒரு படம் வேண்டுமென்றனர். கசிவு கண்டால், அதன் கடுமைக்கேற்ப மருந்தை நிறுத்தி வைப்பதும் உண்டு.

படம் எடுக்க வழியற்ற இடத்தில் இம்மருந்தைக் கொடுத்தல் கண்ணைக் கட்டிக் காட்டில் விடுவதை ஒக்கும். மூளையின் உள்ளே நிகழ்வதைக் காண, அல்சைமர் தம் நோயாளி இறக்கும்வரை காத்திருந்தார். இன்றைய வைத்தியர் அதனைக் காண்பது, நோயாளி உயிரோடிருக்க வேண்டும் என்பதற்காகவே.