ஐந்து வெள்ளி ரூபாய்

தேனியிலிருந்து கம்பம் நோக்கிச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் கண்ணுக்கு எட்டிய தொலைவெல்லாம் கழனி! 14,707 ஏக்கர் இருபோக நெல் விளையும் பள்ளத்தாக்கு இது. மேற்கே ஓடிய பெரியாற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியதால் கிடைத்த வாழ்வு. அணை எழுந்தது 1895இல். கட்டியவர் புகழை ஊர் அறியும். குத்தகைக் கணக்கை எத்தனை பேர் அறிவர்?

1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசு, 8,000 ஏக்கர் நிலத்தை ஆங்கிலேயருக்கு 999 ஆண்டுக்கு விட்டது. ஏக்கருக்கு ஆண்டுக்கு ஐந்து ரூபாய். மொத்தம் 40,000. வகுப்பில் இதைப் பெருக்கச் சொன்னால் பிள்ளைகள் நொடியில் முடித்துவிடுவர். கடினமான கணக்கு அதற்குப் பின்னேதான் இருக்கிறது.

அன்றைய ரூபாய் ஒரு தோலா எடை. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. ஐந்து ரூபாய் என்றால் கைந்நிறைய வெள்ளி என்று பொருள். ஆனால் ஜெர்மனி 1873இல் தங்க நாணயத்துக்கு மாறியபின், உலகச் சந்தையில் வெள்ளி விலை சரிந்துகொண்டிருந்தது. சரியும் பொருளில் ஆயிரம் ஆண்டுக் குத்தகை பேசினர் அரண்மனையார்! 1940இல் ரூபாயில் வெள்ளி பாதியாயிற்று. 1947இல் வந்த ரூபாயோ வெறும் நிக்கல். பெயர் அதே ரூபாய், எண்ணும் அதே ஐந்து. உள்ளிருந்த சரக்கு மட்டும் போய்விட்டது.

நம் உழவர் குத்தகை பேசும் முறையைப் பாருங்கள். போகத்துக்கு இத்தனை மூட்டை நெல் என்பார்கள். விலை ஏறினாலும் இறங்கினாலும் நெல், நெல்தானே! எழுத்தறியாத உழவர் கண்ட இந்த நுட்பம், திவான்களும் துரைமார்களும் கையொப்பமிட்ட ஏட்டில் இல்லை. திவான்கள் மறந்தனரா, துரைமார்கள் மறக்கச் செய்தனரா? வலியவன் எழுதும் பத்திரத்தில் மெலியவன் கேள்வி கேட்பதில்லை என்பதே என் எண்ணம். நீரைப் பெற்ற பக்கத்தில் பிறந்தவன் நான். ஆயினும் இதைச் சொல்லக் கூசவில்லை.

ஏடு எண்பது ஆண்டுக்கு மேல் மாறவில்லை. 1970 மே 29 அன்று தமிழகமும் கேரளமும் புது உடன்படிக்கை செய்தபோது ஏக்கருக்கு 30 ரூபாய் ஆயிற்று. அணை நீரில் எடுக்கும் மின்சாரத்துக்கும் தனியே கட்டணம் வகுத்தனர். முப்பது ஆண்டுக்கு ஒருமுறை வாடகையைத் திருத்தலாம் என்ற விதியும் அப்போதுதான் ஏட்டில் ஏறியது. 1886இல் எழுதிய கெடு முடிவதோ 2885இல்!