'டெலுலு', 'ஐயோ' எல்லாம் ஆங்கில அகராதியில் எப்படி இடம்பிடிக்கின்றன?

நடக்காததை நடக்கும் என்று நம்பிக்கொண்டிருப்பவரை 2கே கிட்ஸ் 'டெலுலு' என்பார்கள். 2025-ல் கேம்பிரிட்ஜ் அகராதி இதைச் சேர்த்ததும், "இதெல்லாம் ஒரு இங்கிலீஷா?" என்ற கேள்வி எழுந்தது.

அகராதியில் இடம் என்பது நற்சான்றிதழ் அல்ல. புழக்கத்தில் இருப்பதற்கான பதிவு, அவ்வளவுதான். எத்தனை பேர், எவ்வளவு காலமாக, எந்தப் பொருளில் எழுதுகிறார்கள் என்று தொகுப்பாசிரியர்கள் ஆதாரம் தேடுவார்கள். நாலு நாள் டிரெண்டானால் போதாது.

நம்ம 'ஐயோ' பல தலைமுறை புழங்கிய பிறகு, 2016-ல்தான் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்குள் போனது. மூத்த சகோதரரைக் குறிக்கும் 'அண்ணா' 2017-ல் சேர்ந்தது.

புனேவில் உள்ள டெக்கான் கல்லூரியும் 1948-ல் தொடங்கிய சம்ஸ்கிருத அகராதிப் பணியில் இதைத்தான் செய்கிறது: ஒவ்வொரு சொல்லும் எந்த நூலில், எந்தப் பொருளில் வந்தது என்று காலவரிசையில் பதிவு செய்கிறது.

அப்போ, பரீட்சையில் 'டெலுலு' எழுதலாமா? சொல்லுக்குப் பக்கத்தில் 'பேச்சுவழக்கு', 'கொச்சை' போன்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நண்பருக்கு அனுப்பும் மெசேஜுக்குப் பொருந்தும் சொல், வேலைக்கான விண்ணப்பத்துக்குப் பொருந்தாது. அகராதி இரண்டையும் சேர்த்தே சொல்கிறது.