திருச்சி முற்றுகை: பீரங்கியா, மாட்டு வண்டியா?

1/ 1751-52 திருச்சி முற்றுகைன்னா கிளைவ், சந்தா சாகிப், பீரங்கிச் சண்டை எல்லாம் ஞாபகம் வரும். அந்த பீரங்கிகளுக்கு குண்டும் மருந்தும் எப்படி வந்துச்சு? (டாக்டர் சொல்ற மருந்து இல்லீங்க, வெடிமருந்து!) சண்டையோட முடிவே அதுலதான் இருக்கு. முசிறி, லால்குடி, சமயபுரம் பக்கத்து மக்கள் கண்டிப்பா படிங்க.

2/ முதல்ல ஒரு கணக்கு. கோட்டைச் சுவரை உடைக்கிற 18 பவுண்டு பீரங்கியின் இரும்புக் குண்டு சுமார் 8 கிலோ. அதைத் தள்ள 3 கிலோவுக்கு மேல் மருந்து. ஒரு தடவை சுட 11 கிலோன்னு வைங்க.

3/ ஒரு மாட்டு வண்டி அரை டன் ஏத்தினா 45 தடவை சுடலாம். 5 நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு சுட்டாலும் நாலு மணி நேரத்துக்குள்ள வண்டி காலி. இது ஒரே ஒரு பீரங்கிக்கு!

4/ மாட்டுக்குத் தீவனம், வண்டிக்காரருக்கும் காவல் சிப்பாய்க்கும் அரிசி. இதுவும் அதே பாதையில்தான் வரணும். மழையில் நனைஞ்சா மருந்து வீண்.

5/ இப்ப கதைக்கு வருவோம். திருச்சி கோட்டைக்குள் முகமது அலி, துணைக்கு ஆங்கிலேயர். வெளியே சந்தா சாகிப், துணைக்கு பிரெஞ்சுக்காரர். 1752 மார்ச் கடைசியில் லாரன்ஸும் கிளைவும் கடலூர் பக்கத்து செயின்ட் டேவிட் கோட்டையிலிருந்து ஒரு பெரிய வண்டித்தொடரைக் கோட்டைக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள். பிரெஞ்சுத் தளபதி லா அதைத் தடுக்க முடியாமல் ஸ்ரீரங்கம் தீவுக்குள் ஒதுங்கினார்.

6/ தீவு பாதுகாப்புதானே? இரண்டு பக்கமும் ஆறு, உள்ளே கோயில் மதில்கள். ஆனால் அவருக்கு வரவேண்டியதெல்லாம் புதுச்சேரியிலிருந்து வரணும். வழி: வாலிகண்டபுரம், ஊட்டத்தூர், சமயபுரம், கொள்ளிடம்.

7/ கிளைவ் ஏப்ரலில் கொள்ளிடத்தைத் தாண்டி சமயபுரத்தில் போய் உட்கார்ந்தார். அவ்வளவுதான், பாதை அடைச்சாச்சு. லால்குடியில் இருந்த தானியமும் கைமாறியது.

8/ டூப்ளே சும்மா இருக்கல. தோத்தெய் என்ற தளபதியோடு உதவிப்படையும் சரக்கும் அனுப்பினார். அவர் ஊட்டத்தூர் வரை வந்தார். அதைத் தாண்ட முடியல. பின்வாங்கி, கடைசியில் வாலிகண்டபுரத்தில் சரணடைந்தார்.

9/ 1752 ஜூனில் லா சரண். சந்தா சாகிப் தஞ்சைத் தளபதி மானோஜியிடம் சிக்கிக் கொல்லப்பட்டார். கவனிக்க வேண்டியது இதுதான்: லா ஒப்படைத்ததில் பெரிய பெரிய பீரங்கிகள் இருந்தன, மருந்தும் இருந்தது. இல்லாமப் போனது சோறும் வழியும்தான். இதயத் தசை நல்லாத்தான் இருக்கும், ரத்தக்குழாய் அடைச்சா மாரடைப்பு. அதே கதை.

10/ ஆங்கிலேயரும் பாடம் கத்துக்கிட்டாங்க. அடுத்த முற்றுகையில் (1753-54) புதுக்கோட்டை தொண்டைமான் காடுகள் வழியாக சரக்கு கொண்டுவந்து பேர் எடுத்தவர் யூசுப் கான். நமக்குத் தெரிந்த பெயர் மருதநாயகம்.

11/ அது அந்தக் காலம்னு நினைக்கறீங்களா? கார்கில் 1999. நம்ம பீரங்கிப்படை சுட்ட குண்டுகளும் ராக்கெட்டுகளும் சேர்த்து சுமார் 2.5 லட்சம். டைகர் ஹில் மீட்ட நாளில் மட்டும் 9,000. போபர்ஸ் குண்டு ஒன்று 40 கிலோவுக்கு மேல். உந்தும் மருந்து, ஃப்யூஸ் எல்லாம் தனி. லாரியில் வந்ததை இறக்கி, பீரங்கி வரை தூக்குவது மனுஷன்தான்.

12/ எதிரி அந்த மலைகளில் ஏறி உட்கார்ந்த முக்கிய நோக்கமே ஸ்ரீநகர்-லே சாலையை அடைப்பது. 1752 சமயபுரம் மாதிரியே!

13/ பீரங்கி சுட்டவர் பெயராவது எங்கேயாவது இருக்கும். அந்த வண்டி ஓட்டினவங்க, வழியில் செத்தவங்க பெயர் ஒண்ணுகூட நம்மகிட்ட இல்ல. பெரும்பாலும் நம்ம ஊர் ஆட்கள்தான்.

14/ அடுத்த தடவை திருச்சியிலிருந்து சென்னைக்குப் போகும்போது டோல்கேட் தாண்டி சமயபுரம், பாடாலூர் பக்கம் ஊட்டத்தூர், பெரம்பலூர் தாண்டி வாலிகண்டபுரம்னு பாத்துக்கிட்டே போங்க. பசங்க கூட இருந்தா இந்தக் கதையைச் சொல்லுங்க.