கிளிஞ்சல் கோட்டை

கடற்கரையில் அலை திரும்பும் சமயம் காலடியில் கவனித்திருக்கிறீர்களா? ஈர மணலில் சின்னஞ்சிறு மட்டிகள் வெளிப்பட்டு, அடுத்த கணமே அவசரமாகப் புதைந்துகொள்ளும். அமெரிக்காவின் புளோரிடாக் கரையிலும் அந்த ஜாதி உண்டு. கட்டைவிரல் நகம் அளவுதான். மஞ்சள், ரோஜா, ஊதா என்று எத்தனையோ நிறம். ஸ்பானிஷ்காரர்கள் வைத்த பெயர் 'கோக்கினா'. சின்னக் கிளிஞ்சல் என்று அர்த்தம்.

இவற்றின் ஓடுகள் பல்லாயிரம் ஆண்டுகளாகக் குவிந்து, மழைநீரில் கரைந்த சுண்ணாம்பு அவற்றை ஒட்டவைக்க, கல்லாகிவிட்டன. அந்தக் கல்லுக்கும் கோக்கினா என்றே பெயர். கல் என்று சொல்வது மரியாதைக்குத்தான்! பூமிக்குள் இருக்கையில் கோடரியாலேயே வெட்டலாம். வெட்டி எடுத்து மாதக்கணக்கில் உலரவிட்டால்தான் இறுகும். அப்போதும் பார்வைக்குக் கடலை உருண்டைதான்.

ஸ்பானிஷ்காரர்கள் 1565-ல் அங்கே செயின்ட் அகஸ்டின் என்ற ஊரை ஏற்படுத்தினார்கள். நூறு வருஷம் மரக்கோட்டைகளை வைத்தே காலம் தள்ளினார்கள். ஒன்று உளுத்தால் இன்னொன்று. 1668-ல் ராபர்ட் ஸேர்ல் என்ற கடற்கொள்ளைக்காரன் இரவில் புகுந்து ஊரைச் சூறையாடிய பிறகுதான் புத்தி வந்தது. 1672-ல் எதிரே இருந்த அனஸ்தாசியா தீவில் கோக்கினாவை வெட்டிக் கோட்டை எழுப்பத் தொடங்கினார்கள். சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பு செய்தார்கள், நம் ஊர்க் காளவாயில் போல. திட்டம் வகுத்தவர் இக்னாசியோ தாஸா; அவர் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. கல் வெட்டிச் சுமந்த டிமுகுவா, குவாலே, அபலாச்சி மக்களின் பெயரை யார் எழுதிவைத்தார்கள்? வேலை முடிய 1695 ஆயிற்று.

1702-ல் ஆங்கிலேய கவர்னர் ஜேம்ஸ் மூர் கரோலினாவிலிருந்து படையெடுத்து வந்தார். ஊர் ஜனங்களும் சிப்பாய்களுமாக ஏறக்குறைய 1,500 பேர் கோட்டைக்குள் அடைந்துகொண்டார்கள். குழந்தைகளும் கிழவர்களும் அதில் அடக்கம். இந்த மெத்தென்ற கல் தாங்குமா? குண்டு வந்து மோதியது. கருங்கல்லாக இருந்தால் சிதறியிருக்கும். கோக்கினாவோ, ஓடுகளுக்கிடையே உள்ள இடைவெளி நசுங்கி, குண்டை அப்படியே விழுங்கிக்கொண்டது!

ஏறக்குறைய 50 நாள் முற்றுகை. ஹவானாவிலிருந்து உதவிக் கப்பல்கள் வந்ததும் மூர் ஊருக்குத் தீ வைத்துவிட்டு ஓடினார். ஜனங்கள் உயிரோடு வெளியே வந்தார்கள். வீடுகள்தான் சாம்பல்.

பிறகு வீடுகளையும் அதே கல்லில் கட்டலானார்கள். 1740-ல் ஜேம்ஸ் ஓகிள்தார்ப் வந்து, கல் வெட்டிய அனஸ்தாசியா தீவிலேயே பீரங்கிகளை ஏற்றி 27 நாள் சுட்டுப் பார்த்தார். சுவரில் பள்ளம் விழுந்தது, கோட்டை விழவில்லை. அந்தப் பள்ளங்களை இன்றும் பார்க்கலாம்.